தில்லையம்மாவின் கட்டைவிரல்

கமுந்திங்
3 மார்ச் 2024

எல்ஸி,

நீ போன் செய்வது தெரிகிறது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால், நீ "என்னாடி மங்களம்" என்று கேட்பதற்கு முன்பே எனக்குத் தில்லையம்மாவின் குரல் கேட்டுவிடும். அதனால் எழுதுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆறாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

நலமா என்று கேட்கப்போவதில்லை. வாரத்தில் ஐந்து நாள் எட்டரை மணிக்கு உன்னை டிவித் தொடரில் தில்லையம்மாவாகப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறாய். காதில் பெரிய தோடு, பட்டுப்புடவை, மருமகளைப் பார்த்து ஒரு முறைப்பு. உன் வீட்டுக்காரர் பெர்னார்ட் உயிரோடு இருந்திருந்தால் பயந்து தோட்டத்துக்கே ஓடியிருப்பார்.

என் மகனும் மருமகளும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, இங்கிருந்து தினமும் போய்வர முடியாது என்று பவித்ரன் சொன்னான். இங்கே பார்த்த வேலைக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டேன். அவன் பெட்டியைக் கட்டினான். ஷாமினிதான் வாசலில் நின்று சொன்னாள்.

"அத்தை, நாலு வருஷமா இந்த வீட்டுல தம்ளர் கழுவி வெச்சிருக்கேன். ஒண்ணுகூட நீங்க துடைக்காம எடுத்ததில்ல. எனக்கு அப்ப விளங்கல. இப்ப விளங்குது."

எதைப் பார்த்து விளங்கிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் தில்லையம்மா பெரிய வீட்டுக்காரி. மகன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த பெண் சாதியில் குறைந்தவள் என்று அவளுக்கு ஆத்திரம். அந்தப் பெண் கழுவி வைத்த தம்ளரை எடுத்து, உள்ளே கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, விரலைப் பார்த்து, தம்ளரைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டி, அப்புறம்தான் டீ ஊற்றச் சொல்லி நீட்டுகிறாள். அந்தப் பெண் அழுகிறது. ஊரே சேர்ந்து அழுகிறது.

அது என் விரல், எல்ஸி. மங்கு துடைத்த விரல். அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போனபோது என் கையில் முதலில் கொடுத்தது கத்தி இல்லை, மரத்தில் பால் பிடிக்கும் அந்த மங்குதான். மரத்துக்கு மரம் அதை எடுத்து, உள்ளே கிடக்கும் இலை, எறும்பு, மழைத்தண்ணீர், காய்ந்த பால் எல்லாவற்றையும் கட்டைவிரலால் வழித்து, கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் திரும்ப வைக்க வேண்டும். இல்லையென்றால் பால் கெட்டுவிடும், கங்காணி அம்மாவைக் கிழிப்பார். தோட்டத்தை விற்று, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, நாம் எல்லாரும் வெளியே வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. என் விரலுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. நானே கழுவின தம்ளரையும் துடைக்கிறேன். கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் கப்பையும் துடைக்கிறேன். இது உனக்குத் தெரியும். உன் அம்மாவும் பக்கத்து நிரையில் மங்கு துடைத்தவர்தான்.

ஷாமினியை எனக்குப் பிடிக்காமலா நானே தட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பெண் கேட்டேன்? அவள் சாதியைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தபோது, வருகிறவர்கள் வாருங்கள் என்று சொன்னவள் நான். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தவள் நீ.

உன்னால் வந்த வினை. தொடரை எடுக்கிறவர்களிடம் சொல்லி அதை நிறுத்து.

மங்களம்

*

ஈப்போ
12 மார்ச் 2024

அன்புள்ள மங்களம்,

உன் கையெழுத்து இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. வாத்தியார் அதற்காக உன்னை அடித்த அடி எல்லாம் வீண்.

நலமா என்று நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கேட்க வேறு ஆள் இல்லை. மகன் ரோய்ஸ்டன் ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். "மா, சாப்பிட்டியா, மருந்து போட்டியா" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கிறான். அதுகளுக்குத் தமிழ் வராது, எனக்கு அதுகளுடைய ஆங்கிலம் விளங்காது. மாறி மாறிச் சிரித்துவிட்டு வைத்துவிடுவோம். பெர்னார்ட் போன பிறகு இந்த அடுக்குமாடி வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. மாதா கோயில் நாடகத்தில் என்னைப் பார்த்துவிட்டுத் தொடர் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டபோது, என்ன வேஷம் என்றுகூடக் கேட்காமல் சரி என்றேன்.

இப்போது எல்லாரும் கூப்பிடுகிறார்கள். தில்லையம்மா என்று. பாசாரில் மீன்காரி, "உங்களுக்கு மீன் இல்லலா, அந்தப் பொண்ண அழ வெச்சிட்டு வாரீங்க" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள், ஆனால் நல்ல மீனைக் கீழே மறைத்துவிடுகிறாள். போன ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரம், முன்வரிசை அம்மா வரிசையாக எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து, என் முகத்தைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதுவிட்டு, மறுநாள் எட்டரைக்கு டிவியைப் போட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு இது தேவலாம் என்று இருக்கிறது.

உன் விரல் விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், அது உன் விரல்தான். என் அம்மாவுடையது என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். அம்மா போய் எத்தனையோ காலம், அவர் கை எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்குப் படப்பிடிப்பில் தம்ளரைச் சும்மா வாங்கிக் குடித்தேன். டைரக்டர் வந்து, "ஆன்ட்டி, கையில ஏதாச்சும் செய்யுங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பொம்பளைய நெனச்சுக்கிட்டுச் செய்யுங்க" என்றார். எனக்கு நல்லாத் தெரிந்த பொம்பளை வேறு யார்? உன்னை நினைத்தேன், கை தானாகப் போயிற்று. என் மனதில் அப்போது மருமகளும் இல்லை, சாதியும் இல்லை. உன் வீட்டு அடுப்படியில் நிற்கும் நீதான் இருந்தாய்.

இன்னொன்றும் கேள். அந்தப் பெண் அழுகிறதே, அது அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. அதற்கு வேறு தேதி. என் எதிரில் ஒரு மேசை விளக்கும், மைக் பிடித்த ஆளும்தான். அந்தப் பெண் அழுதது அப்பா செத்த காட்சிக்கு. அந்த அழுகையை எடுத்து என் விரலுக்குப் பக்கத்தில் ஒட்டி, மேலே வயலினையும் போட்டுவிட்டார்கள். டிவியில் பார்த்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

இப்போது அது என் கையில் இல்லை. கதை எழுதுகிறவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது "தில்லையம்மா தம்ளரைத் துடைக்கிறாள்" என்று எழுதி அனுப்புகிறார். ஜனங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்களாம்.

ஷாமினி படித்த பெண். உட்காரவைத்துப் பேசு. புரிந்துகொள்வாள். கோபம் ஆறியதும் போனை எடு.

உன் எல்ஸி

*

கமுந்திங்
2 ஏப்ரல் 2024

எல்ஸி,

பேசினேன். நீ சொல்வதற்கு முன்பே பேசினேன். பால்மரம், மங்கு, எறும்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஷாமினி பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். ரப்பர் மரத்தை அவள் பார்த்தது நெடுஞ்சாலை ஓரத்தில், காருக்குள் இருந்து. முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி அத்தை" என்றாள். அந்தச் "சரி" எனக்குத் தெரியும். மாட்டிக்கொண்டவன் சொல்லும் சாக்குக்குச் சொல்கிற சரி. நாலு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் கதையாகக் கேட்டிருப்பாள். டிவி சொன்ன பிறகு நான் சொன்னேன், அதனால் பொய்யாகிவிட்டது.

போன வாரம் தைப்பிங்கில் ஒரு கல்யாண விருந்து. மேசையில் தம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, நடுவில் சிராப் தண்ணி. என் கை வழக்கம்போல் போயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சிரித்தன. ஒருத்தி, "ஐயோ, தில்லையம்மாலா" என்றாள். இன்னொருத்தி போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். பக்கத்து வீட்டுக் கலாதேவி என்னோடு வந்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அக்கா, ஷாமினி நல்ல பொண்ணுக்கா" என்றாள். நான் ஒன்றுமே கேட்கவில்லை, எல்ஸி. அவளாகச் சொன்னாள். என் மருமகள் ஏன் போனாள் என்று எங்கள் தாமானில் அத்தனை வீடும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

அங்கே இல்லாத பெண்ணின் அழுகை என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வீட்டுப் பெண் அழுதது நிஜம். அதை எடுத்து எங்கே ஒட்டுவது?

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? பவித்ரன் அப்பா போன பிறகு இவர்களும் போய், வீட்டில் நான் மட்டும்தான். தண்ணி குடிக்கத் தம்ளரை எடுக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன். யாரும் இல்லாத வீட்டில், யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஒரு நாள் யோசித்தேன், ஒருவேளை எனக்குள்ளே அப்படி ஒருத்தி இருந்து எனக்கே தெரியவில்லையோ என்று. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நீ தஞ்சோங் மாலிமுக்குப் போ. நீயே அவளிடம் சொல். என் வாயிலிருந்து வந்தால் நம்ப மாட்டாள், தில்லையம்மா வாயிலிருந்து வந்தால் நம்புவாள். விலாசத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். எனக்கு அவள் வேண்டும். பவித்ரனைவிட அவள் வேண்டும் என்று சொன்னால் நீ சிரிப்பாய். மகன் என்னோடு ஒருநாள் உட்கார்ந்து பேசினதில்லை. அவள்தான் வேலை விட்டு வந்ததும் க்ளினிக்கில் யார் வந்தார்கள், எந்தக் கிழவன் ஊசிக்குப் பயந்து ஓடினான் என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். நான் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பேன்.

மங்களம்

*

ஈப்போ
29 ஏப்ரல் 2024

அன்புள்ள மங்களம்,

போய்விட்டு வந்தேன். ரயிலில் போனேன். நல்ல சேதியோடு எழுத வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சொல்லாமல்தான் போனேன். கதவைத் திறந்தவள் ஷாமினிதான். "ஆன்ட்டி! நீங்களா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தில் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினேனே, அந்த எல்ஸி ஆன்ட்டிக்கா இந்தச் சந்தோஷம்? இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டாள். வந்து வரிசையாக நின்று என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். "முறைங்க ஆன்ட்டி" என்றார்கள். முறைத்தேன். என்ன செய்ய, கேட்டால் மறுக்க முடியவில்லை.

எல்லாரும் போன பிறகு அவளை உட்காரவைத்துச் சொன்னேன். அந்த விரல் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, நீ எப்படிப்பட்டவள் என்று சொன்னேன். தோட்டத்தில் எனக்கு அம்மை போட்டபோது யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரப் பயந்து நின்றதையும், நீ வந்து எனக்குக் கஞ்சி ஊட்டினதையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரி, ஆண்டவர் கண் திறந்தார் என்று நினைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, நீங்க எவ்வளவு நல்லா நடிக்கிறீங்க. எனக்கே அழுகை வந்துருச்சு. உங்க ஃபிரெண்டுக்காக இவ்வளவு தூரம் வந்தீங்க பாருங்க, அது பெரிசு" என்றாள்.

நான் நடிக்கவில்லை என்று சொன்னேன். அதைச் சொன்ன குரலும் எனக்கே டிவிக் குரலாகக் கேட்டது, மங்களம்.

அவள் கெட்ட பெண் இல்லை. அவள் சொன்னதை மறைத்தால் நான் உனக்குச் சிநேகிதி இல்லை, அதனால் எழுதுகிறேன். "ஆன்ட்டி, நாலு வருஷமா சமைச்சேன். ஒரு நாள் ருசியா இருக்குன்னு அத்தை சொன்னதில்ல. நல்லா இல்லன்னும் சொன்னதில்ல. சாப்பிட்டுட்டு எழுந்து போயிருவாங்க. எங்க ஆளுங்கள அவங்க சொந்தக்காரங்க என்னா பேசுனாங்கன்னு எனக்குத் தெரியும். அத்தை என்னா நெனைக்கிறாங்கன்னுதான் தெரியல. அந்த சீரியல் பார்த்தப்ப, ஓ, இதானான்னு இருந்துச்சு. ஒருவிதத்துல நிம்மதியாக்கூட இருந்துச்சு" என்றாள்.

டீ போட்டாள். தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, ஆசையாக என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் கோபப்படுவாய். எழுதவில்லை.

எல்ஸி

*

கமுந்திங்
14 மே 2024

எல்ஸி,

கடிதம் கிடைத்தது.

ருசியாக இருக்கிறது என்று என் அம்மா யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் ருசியாக இருந்தால் இரண்டாம் தடவை போட்டுக்கொள்வோம். ஷாமினி சமைத்ததை நான் எப்போதும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன். அவள் அதைப் பார்க்கவில்லையா?

இனி எழுதாதே.

மங்களம்

*

ஈப்போ
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மங்களம்,

எழுதாதே என்றாய். மூன்று மாதம் கேட்டேன். இனி முடியாது.

தொடர் முடியப்போகிறது. கடைசி வாரக் கதையைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் உன் ஞாபகம் வந்து, நேரே டைரக்டரிடம் போனேன். "தம்பி, தில்லையம்மா ஏன் துடைக்கிறான்னு ஒரே ஒரு காட்சி வைங்க. அவ சின்ன வயசுல தோட்டத்துல மங்கு தொடச்சவ. அது கை பழக்கம். மருமக தப்பா எடுத்துக்கிட்டா. அத கடைசில சொல்லிருவோம்" என்றேன். இவ்வளவு நாள் அந்த இடத்தில் நான் இப்படிப் பேசினதே இல்லை.

அவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "ஆன்ட்டி, ஐடியா நல்லாருக்கு. ஆனா நூத்தி அறுவது எபிசோடா ஜனங்க அவங்கள வெறுத்துட்டாங்க. இப்ப போயி, அவங்க தப்பே செய்யலன்னு சொன்னா, நம்மளத்தான் திட்டுவாங்க. கெட்டவங்க திருந்தணும். அப்பத்தான் பார்த்தவங்களுக்கு மனசு நிறையும்" என்றார். அப்புறம், "மங்குன்னா என்னான்னு விளக்கவே ரெண்டு எபிசோடு போயிரும்லா" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேரின் தாத்தா பாட்டி தோட்டத்தில்தான் இருந்திருப்பார்கள்.

ஆகையால் தில்லையம்மா திருந்தப்போகிறாள். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடப்பாள். மகனும் மகளும் வரமாட்டார்கள். மருமகள் வருவாள். தம்ளரில் பால் ஊற்றி நீட்டுவாள். தில்லையம்மா தம்ளரைப் பார்ப்பாள், மருமகளைப் பார்ப்பாள், துடைக்காமல் வாங்கிக் குடிப்பாள். "என்னை மன்னிச்சிரும்மா" என்று அழுவாள். அவ்வளவுதான் கதை.

நேற்று அதை எடுத்தார்கள். இந்தத் தடவை அந்தப் பெண் என் எதிரிலேயே நின்றது. "மன்னிச்சிரும்மா" என்று சொல்லிவிட்டு, எழுதாத ஒரு வரியை நானாகச் சேர்த்துப் பார்த்தேன். "இது மங்கு தொடச்ச கையிம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றேன். டைரக்டர் நிறுத்தவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சாயந்திரம் எடிட்டிங் அறையில் கேட்டேன். அந்த வரியில் சத்தம் சரியாக இல்லை, எடுத்துவிட்டோம் என்றார்கள்.

இரண்டாம் பாகம் எடுக்கப் பேச்சு நடக்கிறது. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உனக்காக என்று நினைக்காதே. திருந்தின மாமியாரை யாருக்கு வேண்டும்? எப்படியும் முதல் வாரத்திலேயே என்னைக் கொன்று மாலை போட்டிருப்பார்கள். அந்தக் கம்பெனிக் கார் இனி காலையில் வந்து கீழே ஹார்ன் அடிக்காது. அதை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இரண்டு நாளாக உனக்குப் போன் போட்டுப் பார்க்கிறேன். எடுக்க வேண்டாம். மணி அடிக்கும்போது உன் வீட்டில் ஒரு சத்தம் கேட்குமே, அது போதும்.

உன் எல்ஸி

*

ஈப்போ
9 அக்டோபர் 2024

மங்களம்,

தொடர் முடிந்துவிட்டது. பார்த்தாயா? பாசாரில் மீன்காரி நல்ல வஞ்சிரமாக எடுத்துக் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயிலில் முன்வரிசை அம்மா எழுந்து வந்து கையைப் பிடித்தார். "நல்ல வேளை, திருந்துனீங்க" என்றார். தேங்க்யூ என்றேன்.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

எல்ஸி

*

கமுந்திங்
15 டிசம்பர் 2024

எல்ஸி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத வேண்டிய விஷயம் ஒன்று நடந்திருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முதல்நாள் வீட்டு வாசலில் கார் சத்தம் கேட்டது. பவித்ரன் இறங்கினான். பின்னாலேயே ஷாமினி. வரப்போவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் முறுக்கு மாவுக் கையோடு நின்றேன். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாவு எல்லாம் அவள் சட்டையில் ஒட்டிக்கொண்டது. "அத்தை, பழசெல்லாம் விடுங்க. நான் உங்கள மன்னிச்சிட்டேன்" என்றாள்.

எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். பவித்ரன் அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா, வேண்டாம் என்று சொல்கிற பார்வை. சின்ன வயதில் எனக்கும் அவன் அப்பாவுக்கும் சண்டை வரப்போகிறது என்று தெரிந்தால் கதவோரம் நின்று அப்படித்தான் பார்ப்பான்.

கடைசி எபிசோடை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்களாம். நீ ஆஸ்பத்திரியில் கிடந்து அழுததைப் பார்த்து இவள் தேம்பித் தேம்பி அழுதாளாம். "அத்தை அங்க தனியா இருப்பாங்கலா, நாமதான் பெருந்தன்மையாப் போகணும்" என்று அவள்தான் கிளப்பினாளாம். பவித்ரன் என்னிடம் தனியாகச் சொன்னான். அவனுக்கு நான் துடைப்பது என்ன பழக்கம் என்று தெரியும், எல்ஸி. குழந்தையிலிருந்து பார்க்கிறவன். அவன் ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னேம்மா. உங்கம்மாவ நீங்க விட்டுக்குடுக்க மாட்டீங்கன்னு அழுதா. அப்புறம் விட்டுட்டேன்" என்றான்.

என்னை மன்னித்தவள் வாசலில் நிற்கிறாள். நான் ஒன்றும் செய்யவில்லை, நீ மன்னிக்க எதுவும் இல்லை என்று சொன்னால், அந்தக் கார் வந்த வழியே போய்விடும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எட்டு மாதம் இந்த வீட்டில் ஒற்றை ஆளாக இருந்துவிட்டேன். காலையில் ஒரு தம்ளர், சாயந்திரம் அதே தம்ளர். சண்டை போடக்கூட ஆள் இல்லை.

"சரிம்மா" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஆட்டுக்கறி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, ருசியாக இருக்கிறது என்று சொன்னேன். அது நிஜம். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், அந்த ஒன்றில் அவள் பக்கம்தான் நியாயம். அப்புறம் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றாள். நான் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் எடுத்து நீட்டினேன். ஊற்றினாள். குடித்தேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு சந்தோஷம். உன் டைரக்டர் வைத்த வயலின் எங்கேயோ கேட்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் கலாதேவி பலகாரத்தோடு வந்தாள். அடுப்படியில் ஷாமினி அவளிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "அத்தை இப்ப ரொம்ப மாறிட்டாங்கக்கா. முன்ன மாதிரி இல்ல." கலாதேவி, "கடவுள் புண்ணியம்லா" என்றாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாள் கழித்து என் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறார்கள். ஷாமினி க்ளினிக் கதை எல்லாம் சொல்கிறாள். தஞ்சோங் மாலிம் க்ளினிக்கில் ஒரு டாக்டர், பேசினாலே தும்முவாராம், அதை நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இது எல்லாம் எனக்கு வேண்டும் என்றுதான் உன்னை அங்கே அனுப்பினேன். கிடைத்துவிட்டது.

அவர்கள் கார் திரும்பிப் போன பிறகுதான் ஒரு மாதிரி இருக்கிறது. மருமகள் கழுவின தம்ளரைச் சாதி பார்த்துத் துடைத்த ஒருத்தி இந்த வீட்டில் இருந்தாள், இப்போது திருந்திவிட்டாள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் அப்படித்தான் சொல்வார்கள், நல்லவிதமாகவே சொல்வார்கள். நானே அதற்குச் சரி என்று சொல்லிவிட்டேன். இனி மாற்ற முடியாது. பவித்ரனும் விட்டுவிட்டான், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று வாய்விட்டுச் சொல்லும் ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். அவளை உண்டாக்கினவளும் நீதான். உன் மேல் இருக்கும் கோபம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

போன் செய், எடுக்கிறேன். அந்தக் குரல் கேட்டாலும் பரவாயில்லை. சளி, இருமல் என்று அசட்டையாக இருக்காதே, மருந்தை நேரத்துக்குப் போடு. எனக்கு முன்னால் நீ போய்ச் சேர்ந்துவிடாதே, எல்ஸி.

மங்களம்